சிஎஸ்ஆர்-1 எண் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்களா?

வணக்கம் நண்பரே. சிஎஸ்ஆர், அதாவது நிறுவனங்கள் சமூகப் பணிக்குச் செலவிடும் நிதி, கேட்டுப் போன உங்கள் மாலை வகுப்பு அறக்கட்டளையிடம் நிறுவனம் சிஎஸ்ஆர்-1 என்ற பதிவு எண்ணைக் கேட்டதற்கு மனம் தளராதீர்கள். 2021 ஏப்ரல் முதல் சிஎஸ்ஆர் நிதியில் பணி செய்யும் அமைப்புகளுக்கு அது கட்டாயம். முதலில் வருமான வரித் துறையில் 12ஏ (அறக்கட்டளைக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருவோருக்கு வரிச் சலுகை) பதிவுகளை முடியுங்கள். அப்புறம் ஆடிட்டரை வைத்து கார்ப்பரேட் விவகார அமைச்சகத் தளத்தில் விண்ணப்பியுங்கள். பான் அட்டையிலும் டிரஸ்ட் பத்திரத்திலும் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்ததால் எங்கள் நூலகக் குழுவின் விண்ணப்பம் திரும்பி வந்தது. உங்களுடையதில் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். மூன்று ஆண்டுகள் இதே பணியைச் செய்ததையும் காட்ட வேண்டும். போட்டோக்களைவிட, பிள்ளைகளின் வருகைப் பதிவேடும் சாக்பீஸ் வாங்கிய ரசீதும்தான் பேசும். நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சட்டமே சொல்கிறது. அதனால் பக்கத்து ஆலையில் முதலில் கேளுங்கள்.