ஆடி விடுமுறை வரை காத்திருக்க வேண்டாம், தம்பி

பாளையங்கோட்டையிலிருந்து இங்கிலாந்தின் லெஸ்டருக்குக் குடிவந்து நான்கு மாதம்தான் ஆகிறது என்றும், அதற்குள் நாலரை வயது மகளுக்குப் பள்ளியில் நடந்த கண் சோதனையில் இடது கண்ணில் பார்வை குறைவு என்று கடிதம் வந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். மருத்துவமனையில் அதற்கு ஆம்ப்ளையோபியா, அதாவது மூளை ஒரு கண்ணைப் பயன்படுத்தப் பழகாமல் அதன் பார்வை பின்தங்குவது, என்று பெயர் சொல்லிக் கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு நல்ல கண்ணை மூடிவைக்க வேண்டியிருக்கலாம் என்றும் கூறியிருக்கிறார்கள். ஊரில் ஆச்சியோ, "இம்புட்டுப் பிள்ளைக்கு எதுக்குக் கண்ணாடி, ஆடி மாசம் வரும்போது இங்கேயே பாத்துக்கிடலாம்" என்கிறார்கள். எட்டு மாதம் பொறுத்தால் என்ன கெட்டுவிடும் என்பது உங்கள் கேள்வி. பொறுக்க வேண்டாம் என்பதே என் பதில்.

ஆச்சியின் மீது குறையில்லை. ஓடியாடித் திரிந்து, தரையில் சிந்திய கடுகைக் கூடப் பொறுக்கி எடுக்கும் பிள்ளைக்குப் பார்வை குறைவு என்றால் யார்தான் நம்புவார்கள்? ஒரு கண் நன்றாக இருக்கும்போது மற்றதன் குறையை அந்தக் கண்ணே மறைத்துவிடுகிறது. பிறந்தது முதல் அப்படியே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கும் தன் குறை தெரியாது. எனக்கும் தெரியவில்லை. கல்லிடைக்குறிச்சியில் ஆற்றங்கரையிலும் வயல் வரப்பிலும் வளர்ந்த நான், 22 வயதில் கப்பல் வேலைக்கான மருத்துவச் சோதனையில் வலது கண்ணை அட்டையால் மறைத்தபோதுதான், சுவரில் இருந்த எழுத்துகளில் முதல் வரியைத் தவிர மற்றவை எல்லாம் கரைந்து போயிருப்பதைக் கண்டேன். கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று எண்ணித்தான் கண் மருத்துவரிடம் போனேன். இடது கண்ணின் பவர் பிளஸ் 5 என்று அளந்து, அதற்குரிய வில்லையை வைத்துப் பார்த்தும் எழுத்துகள் தெளியவில்லை. "கண்ணில் ஒன்றும் இல்லை, மூளை அந்தக் கண்ணைக் கேட்கவே பழகவில்லை" என்றார் அவர். கப்பல் வேலை போனது பெரிதில்லை. இன்றும் ஊசியில் நூல் கோக்கையிலும், இருட்டில் படி இறங்கையிலும் ஆழம் பிடிபடாமல் தடுமாறுகிறேன்.

அவர் சொன்னதன் பொருளை நான் பின்னாளில்தான் படித்து அறிந்தேன். டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரு ஆய்வாளர்கள், பிறந்த பூனைக்குட்டியின் ஒரு கண் இமையை ஏறத்தாழ மூன்று மாதம் தைத்து மூடி வைத்திருந்து, பிறகு திறந்து பார்த்ததை 1963-இல் வெளியிட்டார்கள். கண் கெடாமல்தான் இருந்தது. ஆனால் பார்வையைக் கையாளும் மூளைப் பகுதியான பார்வைப் புறணியில் இருந்த செல்களில் அந்தக் கண்ணுக்குப் பதில் தருபவை ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தன. வளர்ந்த பூனையின் கண்ணை அதே காலம் மூடி வைத்தபோது எந்த மாற்றமும் இல்லை. குட்டியின் நான்காவது, ஐந்தாவது வாரத்தில் மூன்று நான்கு நாள் மூடினாலே பாதிப்பு தெரிந்தது. இருவரும் 1981-இல் நோபல் பரிசு பெற்றனர்.

அவர்கள் கண்டவற்றுள் என் மனத்தில் ஆழப் பதிந்தது வேறொன்று. இரண்டு கண்களையும் மூடி வளர்த்த குட்டிகளில், ஒரு கண்ணை மட்டும் மூடியபோது நேர்ந்த அளவுக்கு இழப்பு இல்லை. ஆகவே ஒரு கண் பின்தங்குவதற்கு ஒளி கிடைக்காதது மட்டும் காரணமன்று. மற்றக் கண் அதன் இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதே பெருங்காரணம். நம் பக்கத்து வயலை வைத்துச் சொல்வதானால், இரண்டு வாய்க்கால்களில் தண்ணீர் பெற வேண்டிய ஒரு வயலில், பிசான நெல் பருவத்துக்கு நாற்று நடும் நாளில் ஒரு மடை அடைபட்டுக் கிடந்தால், திறந்த மடைத் தண்ணீர் வயல் முழுவதும் பாய்ந்து தனக்கு ஏற்றவாறு வரப்பையும் தடத்தையும் அமைத்துக்கொள்ளும். அறுவடைக்குப் பின் மடையைத் திறந்து என்ன பயன்? உங்கள் மகளின் இடது கண் மங்கலான படத்தையே அனுப்புவதால் அவளுடைய மூளையில் இப்போது நடந்துகொண்டிருப்பது இதுதான். பருவம் இன்னும் முடியவில்லை.

இதனால்தான் கண்ணாடி முதலில் வருகிறது. தெளிவான படம் போகத் தொடங்கினாலே சில பிள்ளைகளுக்குப் பார்வை கணிசமாக ஏறிவிடும். ஆகவே 16 முதல் 18 வாரம் வரை கண்ணாடியை மட்டும் போட்டுப் பார்ப்பது இங்குள்ள வழக்கம். தூங்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் போட வேண்டும், பள்ளிக்கு மட்டும் என்று பழக்கிவிடாதீர்கள். அதன் பிறகும் குறை நின்றால், பேட்ச் என்று அவர்கள் சொல்லும் ஒட்டினை வலது கண்ணின் மேல் தோலோடு ஒட்டி, அதற்கு மேல் கண்ணாடியை மாட்டச் சொல்வார்கள். நல்ல கண் கெட்டுவிடுமோ என்று அஞ்சுகிறீர்கள். ஆர்த்தாப்டிஸ்ட், அதாவது இந்தக் குறைகளைக் கவனிக்கும் கண் நிபுணர், சொன்ன மணிக்கணக்கை மீறாமலும், அவர் குறித்துக் கொடுக்கும் தேதிகளில் தவறாமலும் இருந்தால் அந்த அச்சம் வேண்டியதில்லை. நல்ல கண்ணின் பார்வையையும் ஒவ்வொரு முறையும் அளந்து பார்ப்பதற்காகத்தான் அந்தத் தேதிகள். மிதமான குறைவுக்கு நாளொன்றுக்கு 2 மணி நேரம் மூடுவது 6 மணி நேரத்துக்கு ஈடான பலன் தருவதாக அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2003-இலேயே காட்டிவிட்டது. ஆகவே, பெரும்பாலும் பள்ளி விட்டு வந்தபின் வீட்டிலேயே முடித்துவிடலாம். வகுப்பில் கேலி செய்வார்கள் என்ற கவலையும் குறையும்.

அந்த 2 மணி நேரத்தைச் சும்மா கழிக்க விடாதீர்கள். வண்ணம் தீட்டுதல், பாசி கோத்தல், பல்லாங்குழி போன்ற பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலைகள் நல்லவை. ஆச்சியையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது என் விருப்பம்: வீடியோ அழைப்பில் அவர்கள் பிச்சிப்பூ கட்டிக் காட்டட்டும், கோலப் புள்ளிகளைக் காட்டட்டும், பேத்தி பேட்ச் அணிந்தபடி எண்ணிச் சொல்லட்டும். முதல் சில வாரம் பிள்ளை அழுது பிய்த்தெறிவாள், ஏனெனில் அவளுக்கு அப்போது உண்மையிலேயே சரியாகத் தெரியாது. அந்த அழுகையைப் பொறுத்துக்கொள்வதுதான் இதில் கடினமானது.

ஊரில் காட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. டாக்டர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1988 முதல் நெல்லையிலும் இருக்கிறது. அங்கே போனாலும் இதே கண்ணாடி, இதே பேட்ச்தான். மருந்து ஒன்றாக இருக்கையில் எட்டு மாதத்தை ஏன் இழக்க வேண்டும்? இங்கே 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு என்.எச்.எஸ். என்னும் அரசு மருத்துவச் சேவையில் கண் சோதனை இலவசம், கண்ணாடிக்கும் வவுச்சர் உண்டு. ஏழு வயது தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். 7 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மருத்துவத்தால் முன்னேற்றம் கண்டதை 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் நாலரை வயதில் எளிதாகக் கிடைப்பது அந்த வயதில் பாடுபட்டுத்தான் கிடைக்கும்.

இளையவனுக்கு இரண்டு வயது என்று எழுதியிருந்தீர்கள். கண் பவர் வேறுபாடும் மாறுகண்ணும் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியவை. மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம் பக்கம் சொல்லிப் பிள்ளைகளைக் காட்டாமலே விட்டுவிடுவது எனக்குத் தீராத வருத்தம். அடுத்த முறை போகும்போது அவனையும் பார்க்க வேண்டும் என்று ஆர்த்தாப்டிஸ்டிடம் கேளுங்கள். எழுத்து தெரியாத வயது என்பது தடையன்று. சொட்டு மருந்து விட்டுக் கண்ணுக்குள் ஒளி பாய்ச்சியே பவரை அளந்துவிடுவார்கள்.