சித்தப்பா கையில் ஓடும் ஃபிஸ்டுலா, அம்மா கையில் ஏன் நின்றுபோனது?

கேள்வி: அம்மாவுக்கு 53 வயது. காங்கயம் பக்கம் கிராமம், வீட்டில் நான்கு மாடு. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. எட்டு மாதமாக ஈரோட்டில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இடது மணிக்கட்டில் ஃபிஸ்டுலா போட்டார்கள், நான்காம் நாளே அதில் ரத்தம் ஓடும் அதிர்வு நின்றுவிட்டது. அதே கையில் கொஞ்சம் மேலே தள்ளி இன்னொன்று போட்டார்கள். மூன்று மாதம் ஆகியும் ஊசி குத்துகிற அளவுக்குப் பெருக்கவில்லை. இப்போது கழுத்தில் பெர்ம்கேத் (டயாலிசிஸுக்காகச் செருகிய குழாய்). என் சித்தப்பாவுக்கும் அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். அவருக்கு ஒரே தடவையில் சரியாகி இரண்டு வருடமாக அதிலேயே ஓடுகிறது. "பொம்பளைங்களுக்கு நரம்பு சின்னது, அப்படித்தான்" என்று ஒரு டெக்னீஷியன் சொன்னார். அடுத்து முழங்கைக்கு மேலே போடலாம் என்கிறார் டாக்டர். அம்மாவோ, "கழுத்துல இருக்கறதே போதும் கண்ணு, இன்னொருக்கா கையக் கீற வேண்டாம்" என்கிறார். பெண் என்பதால்தான் இப்படியா? மூன்றாவது முறை போகலாமா?

பதில்: டெக்னீஷியன் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை யாரும் சொல்லாததால்தான் அம்மா தன் கைமேல் பழி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் சரியான பாதி. ஃபிஸ்டுலா என்பது கையில் ஓடும் தமனியைப் பக்கத்திலுள்ள சிரையோடு தைத்து இணைப்பது. தமனியின் வேகமான ரத்தம் சிரைக்குள் பாயும்போது சிரை விரியும், அதன் சுவரும் தடிக்கும். டயாலிசிஸ் மெஷின் நிமிடத்துக்கு 250 முதல் 300 மில்லி ரத்தத்தை இழுக்கிறது. அதற்கு ஈடுகொடுக்க ஃபிஸ்டுலாவில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 600 மில்லியாவது ஓட வேண்டும். குழாய் 6 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும், தோலுக்கு அடியில் 6 மில்லிமீட்டருக்குமேல் ஆழம் போகக்கூடாது, ஆறு வாரத்தில் இதையெல்லாம் பார்த்துவிட வேண்டும். ஆறு ஆறாக இருப்பதால் டயாலிசிஸ் பார்க்கும் எங்கள் ஆட்களுக்கு மறப்பதில்லை.

பெண்களின் தமனியும் சிரையும் சராசரியில் ஆண்களுடையதைவிடக் குறுகியவை. ஒரு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். ஆனால் குழாயில் ஓட்டம் அகலத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும். 2 மில்லிமீட்டர் குழாயையும் 3 மில்லிமீட்டர் குழாயையும் ஒரே அழுத்தத்தில் ஒப்பிட்டால், பெரியதில் ஓடுவது ஐந்து மடங்கு. தோட்டத்தில் முக்கால் அங்குலக் குழாயைக் கழற்றிவிட்டு ஒன்றரை அங்குலம் மாட்டியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மணிக்கட்டில் தமனி 2 மில்லிமீட்டருக்கும் கீழே இருந்தால் அங்கே தைப்பது சூதாட்டம் மாதிரிதான். சர்க்கரை நோயில் அந்தத் தமனியின் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்துவிடும், விரிய வேண்டிய நேரத்தில் விரியாது. உங்கள் அம்மாவுக்கு இரண்டும் சேர்ந்திருக்கலாம்.

இதில் வரலாறும் கொஞ்சம் ஒளிந்திருக்கிறது. மணிக்கட்டு ஃபிஸ்டுலாவை 1966இல் உலகுக்கு அறிவித்தவர்கள் சிமினோ, பிரெஸ்சியா முதலியோர். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் வேலை பார்த்தவர்கள். அங்கே வந்த நோயாளிகள் பெரும்பாலும் ஆண்கள். மணிக்கட்டில் தொடங்கு, தோற்றால் மேலே போ என்ற வழக்கம் அந்தக் கைகளைப் பார்த்து உருவானது. நல்ல வழக்கம்தான், மேலே இருக்கும் இடங்களைப் பிற்பாடுக்கு மிச்சம் வைக்கிறது. ஆனால் எல்லாக் கைக்கும் கண்ணை மூடிக்கொண்டு பொருத்த வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஃபிஸ்டுலா நின்றுபோவது உங்கள் வீட்டில் மட்டும் நடந்ததும் அல்ல. 2008இல் அமெரிக்காவில் 877 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. புதிதாகப் போட்ட ஃபிஸ்டுலாக்களில் பத்தில் ஆறு, டயாலிசிஸுக்குப் பயன்படும் நிலைக்கு உரிய காலத்தில் வரவில்லை. ஆண், பெண் இருவரும் அதில் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க குளோபிடோக்ரெல் கொடுத்துப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் அடைப்பது குறைந்தது, ஆனால் பயன்படும் ஃபிஸ்டுலாக்களின் எண்ணிக்கை கூடவில்லை. "ரத்தம் இளக மாத்திரை கேட்டு வாங்கலாமா" என்று அடுத்த கடிதத்தில் கேட்டுவிடாதீர்கள் என்பதற்காக இதைச் சொன்னேன். ஒருவேளை இதயத்துக்காக அவர் ஏற்கெனவே அப்படி ஏதும் சாப்பிட்டால் அது வேறு கணக்கு, அதை நிறுத்த வேண்டாம்.

இப்போது சொல்லப்படாத பாதி. அளவு ஒன்றாக இருந்தாலும் பெண்களின் ஃபிஸ்டுலா கொஞ்சம் பின்தங்குவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆக, குழாய் சின்னது என்ற ஒரே காரணத்தில் எல்லாவற்றையும் கட்டிவிட முடியாது. நம் ஊரில் நான் பார்க்கும் காரணங்கள் ஆஸ்பத்திரிக்கு வெளியே தொடங்குகின்றன.

ஒன்று, பெண்கள் தாமதமாக வருகிறார்கள். சிறுநீரகத்தின் வேலைத்திறன் (ரத்தப் பரிசோதனையில் வரும் eGFR எண்) 15 - 20 அளவுக்கு இறங்கும்போதே ஃபிஸ்டுலா போட்டுவிட்டால், டயாலிசிஸ் தொடங்குமுன் அது பெருக்க மாதக்கணக்கில் நேரம் கிடைக்கும். "மஞ்சள் வெட்டு முடியட்டும்", "பாப்பா கல்யாணம் முடியட்டும்", "சீர் வரட்டும்" என்று தள்ளிப்போட்டு, மூச்சிரைத்து, கழுத்தில் அவசரமாகக் குழாய் செருகித் தொடங்குபவர்களில் அம்மாக்கள்தான் கூட்டமாக இருக்கிறார்கள். அப்பாவுக்குக் காலில் வீக்கம் என்றால் மறுநாளே கார் கிளம்புகிறது. இது யாரையும் குத்திக்காட்டச் சொன்னதல்ல, உங்கள் வீட்டிலும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, ட்ரிப்ஸ். கொஞ்சம் தலை சுற்றினால் "ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க, தெம்பா இருக்கும்" என்று நம் ஆட்களே கேட்டு வாங்குவார்கள். ஊசி ஏறிய ஒவ்வொரு இடத்திலும் சிரை கொஞ்சம் தழும்பாகும். பிரசவம், ஆபரேஷன், காய்ச்சல் என்று முன்கையில் ஊசி ஏறி ஏறி, அங்கே நல்ல சிரை மிச்சமில்லாமல் போன பெண்கள் ஏராளம். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறத் தொடங்கிய எவரும், முக்கியமாக இடது முன்கையை, ஊசியிலிருந்து காப்பாற்ற வேண்டும். ரத்தம் எடுப்பதென்றால் புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் அம்மாவுக்கு இன்றும் இது பொருந்தும். இரண்டு கைகளுக்கும்.

சரி, மூன்றாவது முறை போகலாமா?

என்னைக் கேட்டால் போகலாம், ஆனால் ஒரு சோதனைக்கு அப்புறம்தான். இரண்டு கைகளின் ரத்தக்குழாய்களையும் டாப்ளர் ஸ்கேனில் தோள்வரை அளந்து வரைபடமாக எடுக்க வேண்டும். கையில் கட்டுப்போட்டுச் சிரையை விரியவைத்து அளக்க வேண்டும். ஏசி அறையில் கை சில்லென்று இருக்கும்போது அளந்தால் நல்ல சிரையும் சுருங்கியே தெரியும். கழுத்தில் குழாய் இருந்ததால் நெஞ்சுக்குள் பெரிய சிரை எங்காவது சுருங்கியிருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது. இரண்டாவது ஃபிஸ்டுலா ஏன் பெருக்கவில்லை என்பதையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். அது நின்றுவிட்டது என்று நீங்கள் எழுதவில்லை, பெருக்கவில்லை என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். இணைப்புக்குப் பக்கத்தில் சுருக்கம் இருந்தால் பலூன் வைத்து விரித்து அதையே மீட்டெடுக்கவும் சில நேரம் முடியும். பக்கக் கிளை ரத்தத்தைத் திருடினால் அதைக் கட்டிவிடலாம். முழங்கைக்கு மேலே போகும் முன் இது ஒரு கேள்வியாகவாவது இருக்கட்டும்.

முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலேயோ குழாய்கள் பெரியவை, பெருக்கும் வாய்ப்பும் கூடுதல். பெண்களுக்கு அங்கே இன்னொரு சிக்கல் உண்டு. கொழுப்பு அதிகமாக இருந்தால் சிரை நன்றாக விரிந்தும் ஆழத்தில் இருக்கும், ஊசி எட்டாது. அப்போது அதைத் தோலுக்கு அருகே தூக்கி வைக்க இன்னொரு சிறிய ஆபரேஷன் ஆகலாம். இதை முன்னாலேயே சொல்லிவிட்டால் நான்காவது முறை என்று அம்மா பயப்பட மாட்டார். விரல்களுக்குப் போக வேண்டிய ரத்தம் குறைந்து கை சில்லிட்டு வலிப்பதும் மேல்கை ஃபிஸ்டுலாவில், பெண்களுக்கு, சர்க்கரை உள்ளவர்களுக்குக் கூடுதல். மூன்றும் அம்மாவுக்குப் பொருந்துகிறது. ஆகவே ஆபரேஷனுக்குப் பின் விரல் வெளுத்தால், மரத்தால், வலித்தால் காத்திருக்காமல் சொல்ல வேண்டும். இதயத்தின் எக்கோ ஒன்றும் முதலில் தேவை.

ஆபரேஷனின்போது தோள்பட்டைக்கு மேல் ஊசி போட்டுக் கை முழுவதையும் மரக்கச் செய்யும் முறை இருந்தால் கேளுங்கள். அதில் சிரை விரிந்து கொடுக்கும். முதல் மாதங்களில் ஃபிஸ்டுலா நன்றாக இருக்கவும் அது உதவுகிறது.

அப்புறம் வீட்டுச் சமாச்சாரம். மேல்கையில் போட்டபின் ரவிக்கைக் கை இறுக்கமாக இருக்கவே கூடாது, பழைய ரவிக்கைகளின் தையலைப் பிரித்து விட்டுவிடுங்கள். வளையல் பிரச்சினை இல்லை. குடத்தையும் பையையும் அந்தக் கையில் இடுக்குவது, தலைக்கு வைத்துப் படுப்பது, பிரஷர் பார்ப்பது, ரத்தம் எடுப்பது எதுவும் வேண்டாம். காயம் ஆறிய பிறகு மாடு கறக்கலாம். டயாலிசிஸ் அன்று ஊசித் துளை மூடும்வரை தொழுவத்துக்குப் போகவேண்டாம், சாணி பட்டால் புண் சீழ் வைக்கும். முட்டும் மாட்டை வேறு யாராவது கறக்கட்டும். கையில் வீங்கிய குழாய் தெரிவதை விசேஷங்களில் கேட்பார்களே என்று கூசும் பெண்களை எனக்குத் தெரியும். சேலைத் தலைப்பில் பெர்ம்கேத் மறைந்துவிடும், கை மறையாது. அம்மா வேண்டாம் என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நீங்கள் தனியாக உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள், டாக்டரிடம் சொல்லமாட்டார்.

பெர்ம்கேத்தையே வைத்துக்கொள்ளலாமா என்றால், சில பேருக்கு அதுதான் சரி. இதயம் பலவீனமானவர்கள், வயது மிக முதிர்ந்தவர்கள், வேறு வழியே இல்லாதவர்கள். எப்பாடுபட்டாவது எல்லோருக்கும் ஃபிஸ்டுலா என்று முன்பு நாங்கள் பிடிவாதமாக இருந்தோம். இப்போது அந்த நபருக்கு அந்த நேரத்தில் எது பொருந்தும் என்று பார்க்கச் சொல்கிறது அமெரிக்க வழிகாட்டுதலின் 2019ஆம் ஆண்டுப் பதிப்பு. ஆனால் 53 வயதில், நல்ல இதயத்தோடு இருக்கும் ஒருவருக்கு வருடக்கணக்கில் பெர்ம்கேத்தோடு இருப்பது எனக்குப் பிடிக்காது. தொற்று வரும், நெஞ்சுக்குள் சிரை சுருங்கும், பிற்பாடு கையில் எதைப் போட்டாலும் அது ஓட இடமிருக்காது. சிரையே கிடைக்கவில்லை என்றால் செயற்கைக் குழாய் வைக்கும் கிராஃப்ட் உண்டு. சில வாரங்களில் அது பயன்படும், ஆனால் தொற்றும் அடைப்பும் ஃபிஸ்டுலாவைவிடக் கூடுதல். வயிற்றில் செய்யும் சிஏபிடி டயாலிசிஸுக்கு ரத்தக்குழாயே தேவையில்லை, அதையும் ஒருமுறை கேளுங்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. நம் நாட்டில் உயிரோடிருந்து சிறுநீரகம் தருபவர்களில் பெண்கள் அதிகம், பெறுபவர்களில் ஆண்கள் அதிகம். உங்கள் வீட்டிலாவது அந்தப் பேச்சை யாராவது எடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் டாப்ளர், ஆபரேஷன் இரண்டுக்கும் அதில் என்ன அனுமதி என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

முடிவு எடுக்கும்வரை கழுத்துக் குழாய்தான் அம்மாவின் உயிர்வழி. அது இருக்கும்வரை தலைக்கு ஊற்றிக் குளிப்பது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பது கூடாது. கட்டு நனைந்தால் அன்றே மாற்ற வேண்டும், மாற்றும்போது அம்மாவும் நர்சும் இருவருமே முகத்துக்குத் துணி கட்டியிருக்க வேண்டும். டயாலிசிஸ் ஓடும்போதோ வீட்டிலோ குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டுப் பார்ப்பதில் நேரத்தைக் கழிக்காமல், ராத்திரி இரண்டு மணியானாலும் டயாலிசிஸ் நடக்கும் ஆஸ்பத்திரிக்கே நேராகக் கூட்டிப் போங்கள்.