கண்காட்சி முடிந்ததும் பழைய சாயத்துணியை ஏன் உள்ளே வைத்துவிடுகிறார்கள்?

அருங்காட்சியகத்தின் சிறப்புக் கண்காட்சியில் பார்த்த சோழமண்டலக் கடற்கரைப் பகுதிச் சாயத்துணியை ஏன் நிரந்தரமாகக் காட்சிக்கு வைப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் வெளிச்சம்தான்.

ஒளியால் வரும் சேதம் கூடிக்கொண்டே போகும். இருட்டில் வைத்தாலும் போன நிறம் திரும்பாது. எளிதில் வெளுக்கும் சாயங்களுக்கு சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 2004-இல் பரிந்துரைத்த வரம்பு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), ஆண்டுக்கு 15,000 லக்ஸ்-மணி (லக்ஸை மணி நேரத்தால் பெருக்கிய அளவு). வகுத்தால் 300 மணி நேரம். தினம் 8 மணி நேரம் திறந்திருந்தால் 37 நாளில் அந்த ஆண்டின் கணக்கு தீர்ந்துவிடும். விளக்கை 100 லக்ஸுக்கு ஏற்றினால் அதில் பாதி நாள்தான்.

எல்லாச் சாயமும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. சாயவேர்ச் செடியின் வேரிலிருந்து எடுத்த சிவப்பும் அவுரிச் செடியிலிருந்து எடுத்த நீலமும் ஓரளவு தாங்கும், மஞ்சள் தாங்காது. அவுரி மேல் மஞ்சள் பூசித்தான் பச்சை எடுத்தார்கள். அதனால்தான் பழைய துணிகளில் இலைகள் நீலமாகத் தெரிகின்றன. நெசவாளரும் சாயக்காரரும் கண்ட நிறம் அதுவல்ல என்பது பார்க்கும்போதெல்லாம் வருத்தம் தரும்.

திரும்பப் பார்க்க வேண்டுமானால், கண்காட்சியின் பெயர், ஆண்டு, விளக்க அட்டையில் இருந்த பதிவெண் மூன்றையும் குறிப்பிட்டுக் காப்பாட்சியருக்கு எழுதுங்கள். பதிவெண் இல்லாமல் ‘பூ போட்ட துணி’ என்று கேட்டால் தேடி எடுப்பது கடினம்.