எண்ணெய்ப் போர்: காரணம் வேறு, நியாயம் வேறு

கேள்வி: 2003ஆம் ஆண்டு அமெரிக்கா இராக்கின் மீது படையெடுத்தது எண்ணெய்க்காகத்தான் என்று வகுப்பில் வாதிட்டேன். "எண்ணெய் வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கியிருக்கலாமே, அதற்கு இவ்வளவு செலவில் ஒரு போரா?" என்று பேராசிரியர் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் கருத்து என்ன?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: பேராசிரியரின் கேள்வி நியாயமானதுதான், ஆனால் அது எண்ணெயை வெறும் சரக்காக மட்டுமே கருதுகிறது. பாரசீக வளைகுடாவை வெளிச்சக்தி ஒன்று தன் பிடிக்குள் கொண்டுவர முயன்றால், ராணுவ பலம் உட்பட எந்த வழியிலும் அதைத் தடுப்போம் என்று 1980 ஜனவரியிலேயே அதிபர் ஜிம்மி கார்ட்டர் அமெரிக்க நாடாளுமன்றத்தில் அறிவித்துவிட்டார். உலகச் சந்தைக்கு எண்ணெய் தடையின்றி வந்துகொண்டிருக்க வேண்டும், அதை நிறுத்திவைக்கும் வல்லமை தமக்கு ஆகாத அரசு எதனிடமும் இருக்கக் கூடாது என்பதே அவர்களுடைய நீண்டகாலக் கவலை. அன்றைய மதிப்பீட்டின்படி இராக்கின் மண்ணுக்கடியில் ஏறத்தாழ 11,500 கோடி பீப்பாய் இருந்தது. 1972இல் தொடங்கிய நாட்டுடைமை நடவடிக்கைகளால் அதன்மீது மேற்கத்திய நிறுவனங்களுக்கு இருந்த பிடியும் போய்விட்டது.

அதற்காக எல்லாவற்றையும் எண்ணெயின் கணக்கிலேயே எழுதிவிடவும் முடியாது. எண்ணெய் இல்லையென்றால் இராக் அவ்வளவு பெரிய பொருட்டாக இருந்திருக்காது; 2001 செப்டம்பர் 11 நிகழாமல் இருந்திருந்தால் 2003இல் அந்தப் போர் நடந்திருக்காது. இதுவே என் முடிவு. உங்கள் தரப்புக்கு வலுவான சான்றுகள் உண்டு. 2003 ஏப்ரலில் பாக்தாத் வீழ்ந்தபோது தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. எண்ணெய் அமைச்சகத்துக்கோ அமெரிக்கப் படையினர் காவல் நின்றனர். இராக் தன் மறுகட்டுமானச் செலவைத் தன் வருவாயிலிருந்தே விரைவில் ஏற்றுக்கொள்ளும் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துணை அமைச்சர் பால் உல்ஃபோவிட்ஸ் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னதும் போர் தொடங்கிய சில நாட்களில்தான்.

ஆனால் அமெரிக்க நிறுவனங்கள் எண்ணெயை அள்ளிக்கொண்டு போய்விட்டன என்று எழுதிவிடாதீர்கள். 2009 ஜூனில் நடந்த ஏலத்தில் மிகப் பெரிய வயலான ருமைலாவை எடுத்தவை ஒரு பிரிட்டிஷ் நிறுவனமும் ஒரு சீன நிறுவனமும். கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் 2 டாலர் கூலி என்பதே ஒப்பந்தம். எண்ணெயின் உரிமை இராக்கிடமே இருந்தது. எதிர்பார்த்த ஆதாயம் கிடைக்கவில்லை என்பதைக் கொண்டு, எதிர்பார்ப்பே இருந்ததில்லை என்று வாதிடுவதும் பொருந்தாது என்று உங்கள் பேராசிரியரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: 1991இல் குவைத்துக்காக நடந்த போரும் எண்ணெய்க்காகத்தானே? அதைச் சட்டப்படியானது என்றும், 2003ஆம் ஆண்டுப் போரைச் சட்டவிரோதம் என்றும் பிரித்துப் பேசுவது இரட்டை அளவுகோல் இல்லையா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: 1991இல் எண்ணெயின் பங்கு இன்னும் வெளிப்படையானது. இரானுடன் எட்டாண்டு போரிட்டுக் கடனில் மூழ்கியிருந்த சதாம் உசேன், குவைத், எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பு வகுத்த தன் ஒதுக்கீட்டுக்கு மேல் எண்ணெய் எடுத்து விலையைச் சரியவிடுகிறது என்றும், எல்லையிலுள்ள அதே ருமைலா வயலிலிருந்து 240 கோடி டாலர் பெறுமான எண்ணெயைத் திருடிவிட்டது என்றும் குற்றம்சாட்டினார். ஒதுக்கீட்டை மீறியது உண்மை. ஆனால் கணக்குத் தகராறுக்காக 1990 ஆகஸ்ட் 2 அன்று ஒரு நாட்டையே விழுங்கி, அதே மாதத்தில் அதைத் தன் 19ஆவது மாகாணம் என்று அறிவிப்பதை எந்தச் சட்டமும் ஏற்காது.

ஒரு போரின் காரணத்தையும் அதன் சட்டத்தகுதியையும் தனித்தனியாகவே எடைபோட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். தாக்கப்பட்ட நாட்டின் தற்காப்புக்காகவோ பாதுகாப்பு அவையின் அனுமதியுடனோ மட்டுமே பலத்தைப் பயன்படுத்தலாம் என்கிறது ஐ.நா. சாசனம். 1990 நவம்பர் 29 அன்று நிறைவேறிய 678ஆவது தீர்மானம் அந்த அனுமதியைத் தந்தது. 12 நாடுகள் ஆதரித்தன, கியூபாவும் யேமனும் எதிர்த்தன, சீனா வாக்களிக்கவில்லை. எதிர்த்து வாக்களித்த ஏழை நாடான யேமனுக்கு அளித்துவந்த உதவியை அமெரிக்கா வெட்டியது என்பதை நினைத்தால் அந்த வாக்கெடுப்பின் மீது எனக்கு இன்றும் மனக்குறை உண்டு. ஆயினும் அனுமதி இருந்தது.

2003இல் அதுவும் இல்லை. 2002 நவம்பரில் வந்த 1441ஆவது தீர்மானம் ஆயுதங்களைக் கைவிட இராக்குக்கு இறுதி வாய்ப்பு அளித்து, கடும் விளைவுகள் நேரும் என்று எச்சரித்ததே தவிரப் போருக்கு வெளிப்படையாக அனுமதி தரவில்லை. போருக்கு அனுமதி தரும் இரண்டாவது தீர்மானத்துக்குப் போதிய ஆதரவு கிடைக்காமல் அதைக் கைவிட்ட அமெரிக்காவும் பிரிட்டனும், பன்னிரண்டு ஆண்டு பழைய 678க்கே உயிரூட்டின. ஐ.நா. ஆயுத ஆய்வுக்குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் தமக்கு இன்னும் சில மாதங்கள் வேண்டும் என்று கேட்டார், தரப்படவில்லை. தேடிய பேரழிவு ஆயுதக் குவியல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. சாசனத்தின் பார்வையில் அது சட்டவிரோதமான போர் என்று 2004இல் ஐ.நா. பொதுச்செயலர் கோஃபி அன்னான் கூறினார். போர் அப்போது கடைசி வழியாக இருக்கவில்லை என்று 2016இல் பிரிட்டனின் சில்காட் விசாரணை அறிக்கை கண்டறிந்தது. எண்ணெய் என்ற சொல்லையே உச்சரிக்காமல் இந்தத் தீர்ப்புக்கு வந்துவிட முடியும் என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: சதாம் ஒரு கொடுங்கோலர். அவரை அகற்றி எண்ணெயை மக்களிடம் ஒப்படைத்ததே போதிய நியாயம் ஆகாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: அவர் கொடுங்கோலர் என்பதில் ஐயமில்லை. 1988 மார்ச்சில் ஹலப்ஜாவில் நச்சுவாயுவால் ஆயிரக்கணக்கான குர்து மக்களைக் கொன்றது அவருடைய அரசு. அந்த மக்களைக் காக்க அன்று எந்தப் படையும் வரவில்லை. அமெரிக்கா அவருக்கு அளித்துவந்த வேளாண் கடன் உத்தரவாதமும் அதன்பிறகு தொடர்ந்தது. அந்தக் குற்றத்தைப் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் போருக்குக் காரணமாகக் காட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. எண்ணெயும் எரிவாயுவும் இராக் மக்கள் அனைவருக்கும் உரியவை என்று 2005ஆம் ஆண்டு அரசமைப்பின் 111ஆவது பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் அதன் பயன் மக்களைச் சேரவில்லை: ருமைலா வயல் இருக்கும் பஸ்ரா மாகாணத்தில் 2018 கோடையில் மாசடைந்த நீரால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்குச் செல்ல நேர்ந்தது. குடிநீரும் மின்சாரமும் கேட்டுத் தெருவில் இறங்கியவர்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது.