சூப்பர்சார்ஜர் ஊளை அப்படியே இருக்கிறது, இழுவை மட்டும் திடீரென்று போய்விட்டது: மினி கூப்பர் எஸ்ஸில் எங்கே தேடுவது?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால்: பிரிட்டனில் ஓடும் 2005 மினி கூப்பர் எஸ், ஆர்53 வகை. சூப்பர்சார்ஜரில் (பெல்ட்டால் சுற்றி, காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) 15 சதவீதம் சிறிய புல்லி, திறந்த ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் மாற்றம். மோட்டார்வேயில் மூன்றாவது கியரில் மிதித்தபோது இழுவை சட்டென்று விழுந்தது. ஊளைச் சத்தம் இருக்கிறது, எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. கராஜில் சூப்பர்சார்ஜரையே மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்றாதீர்கள். குறைந்தபட்சம் இந்த வாரம் வேண்டாம். ஊளை கேட்கிறது என்றால் உள்ளே ரோட்டர்கள் சுற்றுகின்றன என்றுதான் அர்த்தம். அவை தள்ளும் காற்று என்ஜினுக்குள் போய்ச் சேர்கிறதா என்பதை ஊளை சொல்லாது. ஒரு பிரஷர் கேஜ் வைத்து அளக்காமல் இந்த வண்டியில் எந்தப் பாகத்தையும் கழற்றச் சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

அதற்கும் முன்னால் காசே செலவில்லாத இரண்டு சோதனைகள். ஐந்தாவது கியரில் 2500 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டே முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி ஏறி, வேகம் அதோடு ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. சூப்பர்சார்ஜருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புல்லி போட்ட பிறகு கூடிய முறுக்குவிசையைத் தாங்கமுடியாமல் பழைய கிளட்ச் கைவிடுவது சகஜம். அடுத்து, பத்து நிமிடம் ஓட்டிவிட்டுப் பின்சக்கரங்களின் பக்கத்தில் கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் பின் பிரேக் காலிப்பர் இறுகிப் பிடித்திருக்கிறது.

இரண்டும் இல்லையென்றால் கேஜுக்கு வருவோம். இன்டர்கூலரை (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பெட்டி) தாண்டி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு ‘T’ வடிவ இணைப்பு போட்டு மாட்டுங்கள். தொழிற்சாலை நிலையில் இந்த வண்டி சுமார் 0.8 பார் பூஸ்ட் (வெளிக்காற்றைவிடக் கூடுதலான அழுத்தம்) காட்டும். 15 சதவீதப் புல்லியுடன் 6000 ஆர்பிஎம்முக்கு மேல் சுமார் 1 பார். (விட்டம் 15 சதவீதம் குறைந்தால் வேகம் 15 சதவீதம் கூடுவதில்லை, 1-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும், கிட்டத்தட்ட 17.6 சதவீதம்.) ஸ்கேனர் போதாதா என்று கேட்பீர்கள். இந்த என்ஜினில் காற்றின் எடையை அளக்கும் மாஃப் சென்சார் கிடையாது. அழுத்த சென்சார்கள் இரண்டு உண்டு, ஒன்று சூப்பர்சார்ஜருக்கு முன், இன்னொன்று பின். த்ராட்டில் (மிதிக்கும்போது காற்றுவழியைத் திறக்கும் தகடு) சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருப்பதால், முழுதாக மிதிக்கும்போது முன் சென்சார் 100 கிலோபாஸ்கல் அருகில், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டுவதுதான் சரி. அந்த எண்ணைப் பார்த்து ‘பூஸ்டே இல்லை’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அதே சென்சார் முழு மிதியில் 100-க்கு வெகு கீழே இறங்கினால் அது உண்மையான துப்பு: ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது த்ராட்டில் முழுதாகத் திறக்கவில்லை.

கேஜில் பூஸ்ட் ஏறி, 4500 ஆர்பிஎம் வாக்கில் நின்று, பிறகு சரிந்தால் பெல்ட் வழுக்குகிறது. இதைக் காதாலும் பிடிக்கலாம்: ஆர்பிஎம் முள் ஏற ஏற ஊளையின் சுருதியும் ஏற வேண்டும். முள் மேலே போய் சுருதி தங்கிவிட்டால் ரோட்டர் பின்தங்குகிறது. பக்கத்தில் இருப்பவரை ஃபோனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். சிறிய புல்லியில் பெல்ட் அணைக்கும் பரப்பு குறைவு, ஆனால் சுமை அதிகம். விட்டம் சுமார் 10 மில்லிமீட்டர் குறைவதால் பெல்ட்டும் சுமார் 15 மில்லிமீட்டர் குட்டையாக இருக்க வேண்டும். பழைய நீளத்தையே போட்டிருந்தால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தன் எல்லை வரை போய் அதற்கு மேல் இறுக்க முடியாமல் நிற்கும். பெல்ட்டின் உள்பக்கம் கண்ணாடிபோல் பளபளக்கிறதா, சுற்றிலும் கறுப்புத் தூள் படிந்திருக்கிறதா, விளிம்பு நூல் பிரிகிறதா என்று பாருங்கள். விளிம்பு பிரிந்தால் புல்லி நேர்க்கோட்டில் அழுத்தி மாட்டப்படவில்லை. டென்ஷனரோடு சேர்ந்து அதிர்வை அடக்கும் சிறிய டேம்பர் இறுகிப்போயிருந்தாலும் புதுப் பெல்ட் ஒரு மாதம்கூடத் தாங்காது.

இனி, பலர் கடைசிவரை பார்க்காமலே விடும் இடம். பெல்ட்டைச் சுற்ற வைக்கும், என்ஜின் தண்டின் முனையிலுள்ள கிராங்க் புல்லி ஒரே இரும்புத்துண்டு இல்லை. நடுவில் ஹப், வெளியே வளையம், இரண்டையும் ஒட்டிப் பிடித்திருப்பது ரப்பர். இந்த என்ஜினில் அந்த ரப்பர் பிரிவது தெரிந்த வியாதி. பிரிந்தால் ஹப் சுற்றும், வெளிவளையம் சுமை ஏறும்போது பின்தங்கும். பெல்ட் புதுசு, டென்ஷனர் புதுசு, சூப்பர்சார்ஜரும் நல்லது, ஆனால் இழுவை மட்டும் இருக்காது. சோதனை எளிது: வெள்ளை பெயின்ட் பேனாவால் ஹப்பிலிருந்து வளையம் வரை ஒரே நேர்க்கோடு போடுங்கள். மூன்று, நான்கு முறை முழுதாக மிதித்து ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு உடைந்திருந்தால் விஷயம் முடிந்தது. அந்தப் புல்லியோடு தொடர்ந்து ஓட்டாதீர்கள். இந்த வண்டியில் வாட்டர் பம்ப் சூப்பர்சார்ஜரின் பின்முனையிலிருந்து சுற்றுகிறது. பெல்ட் ஓட்டம் நின்றால் தண்ணீர்ச் சுழற்சியும் நிற்கும்.

பூஸ்ட் குறைந்த ஆர்பிஎம்மிலிருந்தே சீராகக் குறைவு, ஊளை மட்டும் முழுசு என்றால் (உங்கள் விவரிப்பு இதற்குத்தான் அதிகம் பொருந்துகிறது) பைபாஸ் வால்வும் இன்டர்கூலர் இணைப்புகளும்தான் முதல் சந்தேகம். பைபாஸ் என்பது சூப்பர்சார்ஜர் தள்ளிய காற்றைத் திரும்ப அதன் வாய்க்கே அனுப்பும் ஒரு தகடு. வெற்றிடம் இழுத்தால் திறக்கும், ஸ்பிரிங் மூடும். ஐடிலில் தகட்டை அசைக்கும் நெம்புகோல் திறந்த நிலையில் இருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் உடனே மூட வேண்டும். மூடாமல் பாதியில் சிக்கினால் காற்று உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சூடேறும், இழுவை வராது. இங்கே ஒரு தவறான ஆலோசனை விடாமல் உலவுகிறது: ‘பைபாஸுக்குப் போகும் வேக்குவம் ஹோஸ் கிழிந்தால் பூஸ்ட் போய்விடும்.’ போகாது. ஹோஸ் கிழிந்தால் ஸ்பிரிங் தகட்டை மூடியே வைத்திருக்கும். முழு மிதியில் பூஸ்ட் அப்படியே கிடைக்கும், மெதுவாகப் போகும்போதுதான் பெட்ரோல் கூடுதலாகப் போய் வண்டி உதறும். டர்போ வண்டிகளில் வேறு மாதிரி என்று யாராவது சொன்னால், சரிதான், அது வேறு அமைப்பு. நான் பேசுவது இந்த வண்டியிலுள்ள ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜரைப் பற்றி மட்டும்.

இன்டர்கூலர் என்ஜின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. அதன் இரு பக்க ரப்பர் இணைப்புகள் பிளக் மாற்றவோ புல்லி போடவோ கழற்றி மாட்டும்போது சரியாக உட்காராமல் போகும், அல்லது வயதாகி வெடிக்கும். சாதாரண ஓட்டத்தில் தாங்கிக்கொண்டு, முழு பூஸ்டில் ஒருநாள் ‘பொசுக்’கென்று விலகும். விளக்கு எரியாததற்கும் காரணம் உண்டு: மாஃப் வைத்த வண்டியில் அளந்த காற்று கசிந்தால் கலவை செறிந்து கறும்புகை வரும், இங்கே கம்ப்யூட்டர் மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்த்தே பெட்ரோலைக் கணக்கிடுவதால் புகை வராது, வெறும் பலவீனம்தான் தெரியும். இணைப்பைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தால் அங்கேதான் கசிவு. உறுதி செய்ய ஸ்மோக் டெஸ்ட் (குழாய்க்குள் புகை செலுத்தி, எங்கே வெளியேறுகிறது என்று பார்ப்பது). காற்று ஏற்றிச் சோப்புத்தண்ணீர் தெளிப்பதானால் 0.7 பாருக்கு மேல் போகாதீர்கள், கிராங்க்கேஸ் பிரீதர் ஹோஸ்களை (என்ஜினின் அடிப்பகுதிக் காற்றை இன்டேக்குக்குக் கொண்டுவரும் குழாய்கள்) கழற்றி இன்டேக் பக்கத்தை அடைத்துவிடுங்கள். மறந்தால் அந்த அழுத்தம் என்ஜினுக்குள் போய் ஆயில் சீல்களைத் தள்ளிவிடும்.

பூஸ்ட் சரியாகவே இருக்கிறது, இழுவை மட்டும் இல்லை என்றால் தேடுமிடம் வேறு. தட்டித் தட்டி உதறினால் பொறி. அழுத்தம் கூடக் கூட பிளக் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். 15 சதவீதப் புல்லிக்கு ஒரு படி குளிர்ந்த (வெப்பத்தை வேகமாக வெளியேற்றும்) பிளக், இடைவெளி சுமார் 0.7 மில்லிமீட்டர். என்ஜிகே எண்களில் 6-ஐ விட 7 குளிர்ந்தது. பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் காயில் நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து ஒரே பெட்டி, ஒன்றும் நான்கும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் இன்னொன்று; ஜோடியாகத் தடுமாறினால் பிளக்கை விட்டுவிட்டுக் காயிலைப் பாருங்கள். விளக்கு எரியவில்லை என்பதற்காக ஸ்கேனரை ஒதுக்காதீர்கள், இன்னும் உறுதியாகாத பிழைக் குறியீடுகள் உள்ளே பதிவாகியிருக்கும்.

உதறாமல் மேல் ஆர்பிஎம்மில் மட்டும் தளர்ந்தால் பெட்ரோல். வைட்பேண்ட் ஆக்ஸிஜன் மீட்டரில் காற்று-பெட்ரோல் விகிதம் முழு மிதியில் 11.5 முதல் 12 வரை இருக்க வேண்டும். ஆர்பிஎம் ஏற ஏற அது 13-ஐ நோக்கிப் போனால் அந்த நொடியே காலை எடுங்கள். பம்ப்போ ஃபில்டரோ கைவிடுகிறது, அடுத்து உடைவது பிஸ்டன். 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனில் சாதாரண 95 ஆக்டேன் பெட்ரோல் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. டியூன் செய்த இந்த வண்டிக்கு 97 அல்லது 99 போடுங்கள். ஆனால் பெட்ரோல் மாற்றம் இழுவையைக் கொஞ்சம் மந்தமாக்குமே தவிர, ஒரே நொடியில் பறிக்காது.

பூஸ்ட் வழக்கத்தைவிட அதிகம், இழுவை குறைவு என்றால் சந்தோஷப்படாதீர்கள். பூஸ்ட் என்பது உள்ளே போக முடியாமல் தேங்கும் காற்று. வெளியேறும் வழி அடைத்தாலும் கேஜ் ஏறும். முன் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் கேஜ் வையுங்கள். 2500 ஆர்பிஎம்மில் 0.2 பாருக்கு மேல் காட்டினால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உருகி அடைத்திருக்கிறது. அப்படியானால் அதை உருக்கிய மிஸ்ஃபயரை (சிலிண்டரில் கலவை சரியாகப் பற்றாமை) சரிசெய்யாமல் புதியதை மாட்டாதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் எழுப்புகிறது என்று அளப்பது. சிலிண்டர்களுக்குள் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்குத் தீராத ஆதங்கம் உண்டு. இந்த சூப்பர்சார்ஜரின் இரு முனைகளிலும் கியர்கள் எண்ணெயில் ஓடுகின்றன. ‘ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்’ என்று சர்வீஸ் அட்டவணையிலேயே இடம் கொடுக்கவில்லை. யாருடைய ஆயுள்? வாட்டர் பம்ப்பைச் சுற்றும் பின்முனையில் எண்ணெய் மிகக் குறைவு. சீல் வழியே மெல்லக் கசிந்து 20 வருட வண்டியில் வறண்டு கிடக்கும். பல் தேய்ந்து பம்ப் நிற்கும், என்ஜின் கொதிக்கும். கொஞ்சம் எண்ணெயால் தப்பியிருக்க வேண்டிய என்ஜின்கள் எத்தனையோ! ‘ரீகண்டிஷன்’ என்று விற்கும் யூனிட்டுகளில் பெயின்ட் மட்டும் அடித்து உள்ளே அதே வறட்சியோடு அனுப்புகிறவர்களும் உண்டு. எல்லாரும் அப்படி இல்லை, நேர்மையாக பேரிங், சீல் மாற்றித் தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் கராஜ் சொன்னபடி கடைசியில் சூப்பர்சார்ஜரே காரணமாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. அப்போதும் பெல்ட்டைக் கழற்றிப் புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள்: மணல் அரைப்பதுபோல் கரகரக்கிறதா, முன்னும் பின்னும் ஆடுகிறதா? இன்லெட் வழியே டார்ச் அடித்து ரோட்டரில் கீறல் இருக்கிறதா? இரண்டும் இல்லாத யூனிட்டைக் குப்பையில் போட விடாதீர்கள். நாளைக்கே பெயின்ட் கோட்டைப் போட்டுவிட்டு, கேஜில் 3000, 4500, 6000 ஆர்பிஎம்மில் என்ன வருகிறது என்று எழுதுங்கள். அந்த மூன்று எண்கள் வந்தால் மீதியைச் சொல்கிறேன்.