ஜல்லி லாரியும் 800 வெள்ளித் தாளும்

கேள்வி: சிங்கப்பூரில், கிராஞ்சியில் ஒரு பட்டறையில் பம்பு பழுதுபார்க்கிறேன். ஒன்பது நாளுக்கு முன், முதலாளி அனுப்பியதால் லிம் சூ காங் பண்ணை ஒன்றுக்கு மோட்டார்சைக்கிளில் போனேன். முன்னால் போன டிப்பர் லாரி வளைவில் திரும்பும்போது ஜல்லியைக் கொட்டிவிட்டது. அதில் சக்கரம் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் எம்சி (மருத்துவ விடுப்பு). லாரி நிற்கவில்லை. பின்னால் வேனில் வந்த சக ஊழியரின் டாஷ்கேமில் அதன் எண் பதிந்திருக்கிறது. லாரிக் கதவில் பெயர் எழுதியிருந்த நிறுவனத்தைக் கேட்டால், "டிரைவர் எங்க ஆள் இல்லை, சொந்த லாரி வச்சு டிரிப் அடிக்கிறவர்" என்கிறார்கள். ஆனால் மறுநாளே ஒருவர் வந்து 800 வெள்ளி தருவதாகச் சொல்லி ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார். வாங்கிக்கொள்ளலாமா? அந்தச் சாலையில் கல் சிதறாத நாளே இல்லை, அதற்கும் ஏதாவது வழி உண்டா?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். இந்த மாதிரித் தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மேலே வண்டிச் சேதம் என்று இருக்கும். நடுவில் ஒரு வரி, "இவ்விபத்தால் எழும் அனைத்துக் கோரிக்கைகளுக்கும் முழு, இறுதித் தீர்வாக" என்று வரும். அந்த ஒரு வரியோடு உங்கள் மணிக்கட்டுக்கான இழப்பீடும் போய்விடும். ஆறு மாதம் கழித்து அந்தக் கையால் ஸ்பேனரைத் திருக முடியுமா என்று இன்றைக்கு எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. வண்டி ரிப்பேர்ப் பணம் அவசரம் என்றால், "வாகனச் சேதத்துக்கு மட்டும், உடற்காயக் கோரிக்கை பாதிக்கப்படாது" என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். அதையும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிய பிறகுதான்.

அடுத்தது, "எங்க ஆள் இல்லை" என்கிற பதில். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. சுயேச்சையான குத்தகைக்காரரின் கவனக்குறைவுக்கு அவரை அமர்த்தியவர் பொறுப்பாக மாட்டார் என்று 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. டிரைவர் உண்மையிலேயே சுயேச்சையானவரா என்பதை நீதிமன்றம் ஆராயும், நிறுவனம் சொன்னதை அப்படியே ஏற்காது. ஆனால் நீங்கள் அந்த வாதத்தில் மாட்டிக்கொள்ளவே வேண்டாம். கதவில் இருக்கும் பெயரை விடுங்கள், நம்பர் பிளேட்டைப் பிடியுங்கள். சாலையில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மற்றவர்களின் மரணம், உடற்காயத்துக்கான காப்புறுதி கட்டாயம். டிரைவர் யாருடைய ஆளாக இருந்தாலும் அந்தக் காப்புறுதி வாகனத்தோடு போகிறது. எண்ணும் விபத்துத் தேதியும் இருந்தால் காப்புறுதி நிறுவனம் எது என்று கண்டுபிடித்துவிடலாம். வழக்குப் போட்டால், போட்ட 7 நாளுக்குள்ளாவது அந்தக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிப்பு போக வேண்டும். இதை உங்கள் வழக்கறிஞர் மறந்தால் பெரிய சிக்கல். காப்புறுதியே இல்லாத லாரி என்று தெரியவந்தாலும், காயத்துக்கான இழப்பீட்டுக்கு சிங்கப்பூர் மோட்டார் காப்புறுதியாளர் கழகம் இருக்கிறது.

இனி ஆதாரம். உங்கள் வழக்கில் நான் பயப்படுவது இதற்குத்தான். லாரி உங்களை இடிக்கவில்லை. நீங்கள் விழுந்தது தரையில் கிடந்த கல்லில். அந்தச் சாலையில் தினமும் கல் சிதறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், எதிர்த்தரப்பும் அதையேதான் சொல்லும்: "அது வேறு யாரோ கொட்டியது." ஆகவே கல் அந்த லாரியிலிருந்து விழுவது தெரியும் பதிவுதான் உயிர். டாஷ்கேம் பழைய பதிவின்மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். இன்னும் மெமரி கார்டைக் கழற்றவில்லை என்றால் இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள். தார்ப்பாய் மூடியிருந்ததா, பின்கதவு சரியாகப் பூட்டியிருந்ததா என்று ஃபிரேம் ஃபிரேமாகப் பாருங்கள். இன்னொன்றும் கேட்பார்கள்: லாரிக்கு எவ்வளவு பின்னால் போனீர்கள்? ஒட்டிப் போயிருந்தால் இழப்பீட்டில் ஒரு பங்கு குறையும்.

காவல்துறையிடமும் உங்கள் சொந்தக் காப்புறுதி நிறுவனத்திடமும் சொல்லிவிட்டீர்களா? காப்புறுதி நிறுவனத்துக்கு 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலைநாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தவறியிருந்தால் கை முறிந்து சிகிச்சையில் இருந்ததைக் காரணமாகச் சொல்லி இப்போதாவது தெரிவியுங்கள்.

முதலாளி அனுப்பிய வேலையில் நடந்தது என்பதால் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டமும் உங்களுக்குப் பொருந்தும். எம்சி நாள் சம்பளம், மருத்துவச் செலவு எல்லாம் அதில் வரும். யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை. முதலாளியிடம் உடனே எழுத்தில் தெரிவியுங்கள், கோரிக்கைக்கு ஓராண்டுதான் கெடு. லாரி தரப்பிடமும் கேட்கலாம், ஆனால் ஒரே இழப்புக்கு இரண்டு தடவை பணம் வாங்க முடியாது. எதில் தொடங்குவது என்பதை வழக்கறிஞரோடு பேசி முடிவெடுங்கள்.

லாரி தரப்பின்மேல் உடற்காய வழக்குப் போட மூன்றாண்டு அவகாசம். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போய்ப் பயனில்லை, வாகன விபத்துச் சேதத்தை அது எடுக்காது. அப்புறம், "கிடைக்கிற பணத்தில் இத்தனை விழுக்காடு" என்று மருத்துவமனை வாசலிலோ வொர்க்‌ஷாப்பிலோ யாராவது ஆசை காட்டினால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். இத்தகைய வழக்கில் வழக்கறிஞர் அப்படிக் கட்டணம் வாங்கக் கூடாது.

கடைசியாகச் சாலை. நம் ஊரில் இன்று கல்குவாரியே இல்லை, புலாவ் உபின் தீவின் கடைசிக் குவாரி 1999-இல் மூடப்பட்டது. அண்டை நாடுகளிலிருந்து பார்ஜில் (சரக்குப் படகில்) வந்து இறங்கும் ஜல்லி, அதற்கப்புறம் டிப்பரில்தான் போயாக வேண்டும். லாரியைத் தடுக்க நீதிமன்றம் போவது வீண் செலவு. ஆனால் சுமை சாலையில் விழாமல் பார்த்துக்கொள்வது டிரைவரின் சட்டக் கடமை. "எப்பவும் கல் கொட்டுது" என்று புகார் எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எண், தேதி, நேரம், இடம், வீடியோ ஆகிய ஐந்தும் சேர்த்துப் போக்குவரத்துக் காவல்துறைக்கு இணையம்வழி அனுப்புங்கள். சாலையில் குவிந்து கிடக்கும் கல்லை பொது இடப் புகார்களுக்கான ஒன்சர்வீஸ் செயலியில் தெரிவியுங்கள். நீங்கள் வீட்டில் இருக்கும் ஆறு வாரத்தில் வேன்காரச் சகஊழியர் படம் எடுத்துக் கொடுத்தால்கூடப் போதும். அந்தப் பதிவுகளில் அதே லாரி மறுபடி தென்பட்டால் உங்கள் வழக்கறிஞருக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.