நெட் போனால் எந்த நேரம்?

கேள்வி: மண்டபம் பக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். காற்றடித்தால் நெட் போய்விடும். இரவு 2 மணிக்குப் போட்ட ஊசியை விடிந்து 6 மணிக்குத்தான் கம்ப்யூட்டரில் ஏற்ற முடிகிறது. எந்த நேரத்தைப் போடுவது?

பதில்: ஊசி போட்ட 2 மணியைத்தான். திரையில் தானாக விழும் 6 மணியை மாற்றாமல் சேமித்தால், 8 மணி நேரத்துக்கொரு முறை போடும் மருந்தின் அடுத்த வேளை காலை 10-க்குப் பதில் மதியம் 2 மணிக்குத் தள்ளிப்போகலாம். குறிப்பில் 'நெட் இல்லை, தாமதப் பதிவு' என்று சேருங்கள். நெட் வரும்வரை தாளில் நோயாளி பெயர், மருந்து, அளவு, நேரம், கையெழுத்து. ஏற்றியதும் ஒரு டிக். இரட்டை வேலைதான், அலுப்பு நியாயமே. அவசரத்தில் அடுத்தவர் லாகினில் மட்டும் ஏற்றாதீர்கள். ஊசி அவர் போட்டதாகவே பதிவில் நிற்கும்.